அந்தக் கடிதத்தில் இருந்தது நான் இல்லை

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு முடிந்த பத்தாம் நாள் விடுதி அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். ஆறு வருடம் இருந்த அறை. இரண்டு டிரங்குப் பெட்டிகள், ஓர் அட்டைப்பெட்டி நிறைய ஆய்வேட்டுப் பிரதிகள், ஒரு பழைய மடிக்கணினி. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் மாறி மலைக்கு வந்தேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அந்த அட்டைப்பெட்டி பஸ்ஸின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்ந்தது. பாதி மலையில் கண்டக்டர் எரிச்சலாகி, "என்னுங்க இது, கல்லா?" என்று கேட்டார். "புஸ்தகமுங்க" என்றேன். "எல்லாம் ஒரே புஸ்தகமாட்டம் இருக்குது" என்றார். அவர் சொன்னது சரி. பன்னிரண்டும் ஒரே புத்தகம்தான்.

அம்மா மலைமேல் திருப்புலி நாடு என்கிற ஊராட்சியில் கிராம சுகாதார செவிலியர். பதினோரு வருடமாக அங்கேதான் வேலை. துணை சுகாதார நிலையத்தை ஒட்டி இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ். அப்பா லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் இருபது நாள் வடக்கே எங்காவது இருப்பார். முள்ளுக்குறிச்சியில் எங்களுக்கு இருந்த வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. ஆகவே எனக்குப் போக வேறு இடம் இல்லை. இரண்டு மாதம் இருப்பேன், அதற்குள் வெளிநாட்டில் எங்காவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சி வேலை கிடைத்துவிடும் என்று சொல்லித்தான் பெட்டிகளை இறக்கினேன்.

அம்மாவுக்கு அந்த வேலையைப் புரியவைப்பது முதல் நாளே தோற்றுப்போனது.

"படிப்பெல்லாம் முடிஞ்சுதுல்ல கண்ணு? அப்புறம் எதுக்கு இன்னொரு படிப்பு?"

"படிப்பில்லம்மா, வேலை. சம்பளம் குடுப்பாங்க."

"பர்மனென்டா?"

"இல்ல. ரெண்டு வருசம்."

"ரெண்டு வருசம் கழிச்சு?"

"இன்னொரு எடத்துல இதே வேலை தேடோணும்."

அம்மா உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அரசாங்கத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவரின் பார்வை அது. "டெம்பரரிக்கு எதுக்கு சாமி டாக்டர் பட்டம்?" என்றார்.

நான் ஆராய்ந்தது செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதத்தை. ஒவ்வொரு செல்லையும் சுற்றி எண்ணெய்ப் படலம் போன்ற மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. சர்க்கரையோ உப்போ அதைத் தானாகத் தாண்டி உள்ளே போக முடியாது. சவ்வில் குறுக்காக நிற்கும் புரதங்கள்தான் வாசல். என் புரதம் சர்க்கரையையும் சோடியத்தையும் சேர்த்து உள்ளே இழுக்கும் வகை. சவ்வுக்குள் இருக்கிறவரை ஒழுங்காக வேலை செய்யும். ஆராய்வதற்காக வெளியே எடுத்தால் கட்டி கட்டியாகத் திரண்டு குழாயின் அடியில் வெள்ளையாக உட்கார்ந்துவிடும். அதை அப்படி உட்காரவிடாமல் சோப்பு போன்ற ஒரு திரவத்தில் மிதக்கவைத்து, குளிர் அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காவல் காப்பதுதான் ஆறு வருடமும் நான் செய்தது. இந்தக் காவல் வேலை தெரிந்தவர்கள் உலகத்தில் அதிகம் இல்லை, ஆகவே வேலை எளிதில் கிடைக்கும் என்று என் ஆய்வக சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் இப்போது மருந்துக் கம்பெனியில் இருக்கிறார்கள். அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

குவார்ட்டர்ஸில் சிக்னல் கிடையாது. ஜன்னல் கம்பியில் போனைக் கட்டித் தொங்கவிட்டால் ஒரு கோடு வரும், உடனே போகும். சரியாகச் சிக்னல் கிடைக்கிற இடம் கால் மணி நேர நடையில் இருந்தது. மேட்டில் மிளகு விவசாயம் செய்கிற ஓர் அக்காவின் சிமெண்ட் களம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருப்பார்கள். கீழே சரிவு முழுக்க மரவள்ளி. களத்தின் வடக்கு மூலையில் நின்றால் போனில் மூன்று கோடு. அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, "இதுல உக்காந்து பாருங்க டாக்டரம்மா" என்றார் அந்த அக்கா. நான் ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்று மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். நான்காம் முறை விட்டுவிட்டேன்.

அம்மாவும் அதே களத்துக்குத்தான் வருவார். கர்ப்பிணிகள் கணக்கு, தடுப்பூசிக் கணக்கு எல்லாவற்றையும் இப்போது ஆப்பில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் மேலே இருந்து போன் வரும். நோட்டில் எழுதியதை அப்படியே மறுபடியும் போனில் எழுதி, அது பாதியில் நின்று, முதலிலிருந்து எழுதி, அம்மாவுக்குத் தலைவலி வந்துவிடும். சில மத்தியானங்களில் நாங்கள் இருவரும் களத்தின் ஒரே மூலையில் எதிரெதிர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அவரவர் திரையைத் திட்டிக்கொண்டிருப்போம்.

முதலில் என்னை நிறுத்தியது என் பெயர். எனக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இன்ஷியலும். விண்ணப்பப் பக்கம் குடும்பப் பெயர் கேட்டது. இன்ஷியலைப் போட்டேன். ஓர் எழுத்து போதாது என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. அப்பாவின் பெயரை முழுதாகப் போட்டேன். ஏற்றுக்கொண்டது. மறுநாள் அப்பாவின் பெயரைச் சொல்லி, "அன்புள்ள ஐயா, உங்கள் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் உங்கள் சான்றிதழில் உள்ள பெயரும் பொருந்தவில்லை" என்று மின்னஞ்சல் வந்தது. அப்பா அப்போது நாக்பூர் பக்கம் எங்கேயோ சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். போனில் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "நான் வேணா வந்து செய்யறேன், லாரி ஓட்டறதுக்கு அது பரவால்லையான்னு கேளு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் என் பெயரையே இரண்டு முறை எழுதினேன், பெயர் இருக்கும் இடத்திலும், குடும்பப் பெயர் இருக்கும் இடத்திலும். அதை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டது.

அடுத்து என்னை நிறுத்தியவர் என் நெறியாளர்.

இந்த வேலைகளுக்கெல்லாம் மூன்று பேர் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். நம் கையில் தர மாட்டார்கள். விண்ணப்பம் போட்டதும் அந்த மூவருக்கும் தனித்தனியாக ஓர் இணைப்பு போகும். அதில் அவர்களே ஏற்ற வேண்டும். மற்ற இருவர் அந்த வாரமே ஏற்றிவிட்டார்கள். ஆறு வருடம் என்னைத் தினமும் பார்த்த என் நெறியாளர் மட்டும் ஏற்றவில்லை. போன் செய்தால், "நாளைக்குள்ள போட்டுடறேன்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்பார். நான் தினமும் களத்துக்கு ஏறிப் போய்ப் பக்கத்தைத் திறப்பேன். 'மூன்றில் இரண்டு பெறப்பட்டது' என்று இருக்கும். மறுநாளும் மூன்றில் இரண்டு. கடைசித் தேதி தாண்டியதும் அந்த வரியே மறைந்து, உங்கள் விண்ணப்பம் முழுமையடையவில்லை என்று வரும். இப்படி நான்கு போயின. ஒரு விண்ணப்பம் எழுத எனக்குக் குறைந்தது பத்து நாள் ஆகும். அந்த ஆய்வகம் இதுவரை செய்ததையெல்லாம் படித்து, அங்கே போய் நான் என்ன செய்வேன் என்று இரண்டு பக்கம் எழுத வேண்டும். நான்கு முறை அப்படி எழுதினேன். நான்கையும் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"அவருக்கு உம்மேல என்னமாச்சும் கோவமா?" என்று அம்மா கேட்டார்.

"கோவமெல்லாம் இல்ல. மறந்துர்றார்."

"ஆறு வருசம் உன்னைய வேலை வாங்கினது மட்டும் மறக்கலியா?"

ஐந்தாவது விண்ணப்பத்தின்போது அவரே ஒரு வழி சொன்னார். "நீயே ஒரு டிராஃப்ட் எழுதி அனுப்பிடும்மா. நான் பார்த்துட்டு போட்டுடறேன்." என்னைப் பற்றி நானே புகழ்ந்து எழுத வேண்டும், அதுவும் ஓர் ஆணின் மிடுக்கான ஆங்கிலத்தில். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். 'மிகச் சிறந்த' என்று எழுதுவேன். கூச்சமாக இருக்கும். 'மிக' என்பதை எடுப்பேன். பிறகு 'சிறந்த' என்பதையும் எடுத்துவிட்டு 'நல்ல' என்று போடுவேன். அம்மாவிடம் அர்த்தம் சொல்லிப் படித்துக் காட்டினேன். "இது என்ன, ரேசன் அரிசியப் பத்திச் சொல்ற மாதிரி இருக்குது? நல்லா எழுது சாமி" என்றார்.

அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து ஒரு நாள் பக்கத்தைத் திறந்தால் 'மூன்றில் மூன்று பெறப்பட்டது' என்று இருந்தது. களத்திலேயே எழுந்து நின்று கத்திவிட்டேன். மிளகுக் கொடிக்குக் கவாத்து செய்துகொண்டிருந்த அக்கா கத்தியோடு ஓடிவந்து, "பாம்புங்களா?" என்றார்.

இதற்கு நடுவில், மழை பிடித்த சமயம், அந்தப் பக்கம் நான்கைந்து வீடுகளில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. அம்மாவோடு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். களத்துக்கார அக்காவின் பேத்திக்கும் போய்க்கொண்டிருந்தது. அம்மா கொதித்து ஆறிய தண்ணீரில் பொட்டலத்தைக் கரைத்துக் கொடுத்துக்கொண்டே எப்படிக் கலக்க வேண்டும் என்று சொன்னார். அக்கா விடவில்லை.

"ஏனுங்க நர்சம்மா, சக்கரைத் தண்ணி குடுத்தாலே தெம்பு வந்துருமுல்லீங்க? கொழந்தைக்கு உப்பு எதுக்குங்க? வேண்டாங்குதுல்ல."

"அப்படித்தான் குடுக்கோணும். இந்தா, இவளக் கேளுங்க. ஆறு வருசம் அதத்தான் படிச்சா."

நான் சொன்னேன்: "கொடலுக்குள்ள சின்னச் சின்னதாக் கதவு இருக்குதுங்கக்கா. சக்கரை மட்டும் போனாத் தெறக்காது. உப்பும் கூட வந்தாத்தான் ரெண்டையும் சேத்து உள்ள இழுக்கும். பின்னாலயே தண்ணியும் போயிரும். ஒடம்புல தண்ணி நின்னாத்தான் கொழந்தை தேறும்."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "அந்தக் கதவ நீங்க பாத்திருக்கீங்களா?"

"கண்ணுக்குத் தெரியாதுங்க. மிசின்ல வெச்சு, கணக்குப் போட்டுத்தான் பாக்கோணும்."

"பாத்துட்டீங்களா?"

"முழுசா இன்னும் பாக்கலீங்க."

"ஆறு வருசத்துலயுமா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினார். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்ல முடியாது. ஆய்வேட்டுத் தேர்வில் மூன்று பேராசிரியர்கள் கேட்காத கேள்வி அது. குழந்தை அதற்குள் ஒரு டம்ளர் குடித்து முடித்திருந்தது. மறுநாள் எழுந்து உட்கார்ந்தது.

ஐந்தாவது விண்ணப்பத்துக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. குளிர்நாடு ஒன்றில், என் வகைப் புரதங்களையே ஆராயும் ஆய்வகம். அதன் தலைவர் ஒரு பெண். அவருடைய கட்டுரைகளை நான் எம்.எஸ்சி. காலத்திலிருந்து படித்துவந்தேன். நம் நேரப்படி மத்தியானம் இரண்டரை மணி. ஐப்பசி மழையை நம்பக் கூடாது என்று, முந்தின நாளே கீழே இறங்கி நாமக்கல்லில் என் கல்லூரித் தோழி வீட்டில் தங்கிப் பேசுவதாக ஏற்பாடு. பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் வரவில்லை. வளைவொன்றில் பாறை உருண்டு ரோட்டில் கிடப்பதாகவும், எடுக்க இரண்டு நாளாகும் என்றும் சொன்னார்கள். இன்னொரு பாதையிலும் மரம் விழுந்திருந்தது.

ஆகவே களம்தான். களத்தை ஒட்டிய தகரக் கொட்டகைக்குள் உட்காரலாம் என்றால் மழை தகரத்தில் விழுகிற சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. அக்காவும் அவர் வீட்டுக்காரரும் நான்கு கம்பு நட்டு, களத்தின் மூலையில் ஒரு படுதாவைக் கட்டிக் கொடுத்தார்கள். சாரல் பக்கவாட்டில் அடித்தது. அன்றைக்குத் தடுப்பூசி வேலையை முடித்துவிட்டு அம்மா சீருடையோடு வந்து, மடிக்கணினி நனையாமல் குடையைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். "நான் மூச்சுக்கூட விடமாட்டேன், நீ பேசு" என்றார்.

திரையில் மூன்று பேர். அந்தப் பேராசிரியர் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "நீங்கள் நலமா? உங்கள் அருகில் ஒருவரின் கை தெரிகிறதே?" என்பதுதான். "என் அம்மா. மழைக்குக் குடை பிடிக்கிறார்" என்றேன். மூவரும் சிரித்தார்கள். அம்மாவுக்கு என்ன பேசினோம் என்று தெரியாது. ஆனால் சிரித்ததைப் பார்த்து அவரும் குடையோடு குனிந்து திரையில் முகத்தைக் காட்டிவிட்டு நிமிர்ந்தார்.

என் ஆய்வைப் பத்து நிமிடம் சொன்னேன். நன்றாகப் போனது. புரதம் திரளாமல் இருக்க நான் கண்டுபிடித்த கலவையைப் பற்றி இரண்டு பேர் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். அதன் பிறகு அந்தப் பேராசிரியர் காகிதத்தைப் பார்த்தபடி கொஞ்சம் தயங்கினார்.

"எங்களுக்கு ஒரு சிறிய குழப்பம். உங்கள் நெறியாளரின் கடிதத்தில் நீங்கள் ஈஸ்டில் செல் பிரிதலை ஆராய்ந்ததாக இருக்கிறது. நீங்கள் சொன்னது வேறு. மேலும்..." அவர் சங்கடத்துடன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அந்தக் கடிதம் ஓர் இளைஞரைப் பற்றியது. அவர் துறையின் கிரிக்கெட் அணிக்குத் தலைவராக இருந்தார் என்றும் சொல்கிறது."

எனக்கு உடனே தெரிந்தது. நான்கு வருடத்துக்கு முன் முடித்துப் போன என் சீனியர். நல்ல மனிதர், நன்றாகப் பந்து வீசுவார். நெறியாளர் அவருக்காக எப்போதோ எழுதிய கடிதத்தை எடுத்து, மேலே ஆய்வகத்தின் பெயரை மட்டும் மாற்றி ஏற்றியிருக்கிறார். இரண்டு நாள் நான் கூசிக் கூசி எழுதிய டிராஃப்டைத் திறக்கவே இல்லை.

"அந்தக் கடிதத்தில் இருப்பது நான் இல்லை" என்றேன். வேறென்ன சொல்வது? "நான் கிரிக்கெட் விளையாடியதில்லை" என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவர்கள் சிரித்தார்கள், கெட்ட எண்ணத்தோடு அல்ல. சரியான கடிதத்தை அனுப்பச் சொல்லுங்கள் என்றார்கள். அந்த நேரம் பார்த்து இணைப்பு அறுந்தது. மறுபடி சேர்ந்தது. எதிர்காலத் திட்டம் என்ன என்று கேட்டார்கள். நான் பாதி சொல்லும்போது மறுபடி அறுந்தது. மூன்றாம் முறை சேரவே இல்லை. 'நன்றி, போதுமானதைக் கேட்டுவிட்டோம்' என்று எழுத்தில் செய்தி வந்தது.

அங்கே நின்றபடியே நெறியாளருக்குப் போன் போட்டேன். அதிசயமாக எடுத்தார்.

"அப்படியா? ஃபைல் மாறியிருக்கும்மா. பரவால்ல விடு. ரெண்டு பேருமே என் ஸ்டூடன்ட்ஸ்தானே."

"சார், அதுல என்னை 'அவன்'னு எழுதியிருக்கு."

"அதை அவங்க புரிஞ்சுப்பாங்கம்மா. நான் நாளைக்குள்ள—"

மீதியை நான் கேட்கவில்லை. நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. மறுநாள் மரவள்ளிக் காட்டில் வேலை செய்கிறவர்கள் என்னைப் பார்த்து ஒதுங்கிப் போனது மட்டும் நினைவிருக்கிறது. அம்மா அப்போது குடையை மடக்கிவிட்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்து, அன்றைய தடுப்பூசிக் கணக்கை ஆப்பில் ஏற்ற ஆரம்பித்தார். எட்டாவது குழந்தையில் அது நின்றுபோனது. "இதக் கண்டுபுடிச்சவன் கைல கெடைச்சான்னா" என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ரோடு சரியான அன்று முதல் பஸ்ஸில் இறங்கினேன். பல்கலைக்கழகம் போய்ச் சேர சாயங்காலம் ஆயிற்று. ஜூனியர் ஒருத்தியின் அறையில் தங்கி, மறுநாள் காலை நெறியாளர் வருவதற்கு முன்பே அவர் அறைக் கதவுக்கு முன்னால் நின்றேன். அவர் என்னைப் பார்த்து உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அதுதான் கொடுமை. அம்மா நலமா என்று கேட்டார், காபி சொன்னார். நான் உட்காரவில்லை. "சார், இப்பவே ஏத்துங்க. நான் நிக்கறேன்" என்றேன்.

கணினியைத் திறந்தார். என் டிராஃப்ட் மின்னஞ்சலில் படிக்கப்படாமலே கிடந்தது. படித்தார். "என்னம்மா, உன்னைப் பத்தி இவ்ளோ கம்மியா எழுதியிருக்க?" என்றார். அவரே தட்ட ஆரம்பித்தார். மூன்றாம் வருடம் குளிர் அறை பழுதாகி எல்லாம் போனபோது நான் பனிக்கட்டிப் பெட்டியில் புரதத்தைக் காப்பாற்றியதை எழுதினார். நான் உருவாக்கிய கலவையைத்தான் இப்போது ஆய்வகம் முழுக்கப் பயன்படுத்துகிறது என்று எழுதினார். எனக்கே மறந்துபோயிருந்த ஒரு சிறு சோதனையைத் தேதி முதற்கொண்டு நினைவு வைத்திருந்தார். என்னைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஏற்றி முடிக்க நான்கு நிமிடம் ஆயிற்று. காபி அப்போதும் சூடாக இருந்தது.

ஐந்து மாதம், நான்கு விண்ணப்பங்கள், இந்த நான்கு நிமிடத்துக்காகவா என்று வெளியே வந்து மரத்தடியில் நின்று அழுதேன். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

அந்தக் குளிர்நாட்டு ஆய்வகம் இரண்டு வாரத்தில் பதில் எழுதியது. இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் பட்டியலில் இரண்டாவது என்று அந்தப் பேராசிரியர் தனியாக ஒரு வரி எழுதியிருந்தார். அம்மா, "ரெண்டாவதா? அப்ப நல்ல மார்க்குதானே?" என்றார். நல்ல மார்க்தான், வேலைதான் இல்லை.

நெறியாளரை அந்தப் புதுக் கடிதத்தையே அனுப்பச் சொல்லி, நம் நாட்டிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போட்டேன். வேறு மாநிலம், இரண்டு வருட ஒப்பந்தம். என் புரதம் இல்லை. பொட்டாசியத்தைக் கடத்துகிற வேறொன்று. அவர்கள் போனில் இருபது நிமிடம் பேசினார்கள், அடுத்த வாரம் எடுத்துக்கொண்டார்கள். ஐந்து மாத அமளிக்குப் பிறகு அது இவ்வளவு சாதாரணமாக நடந்தது எனக்கு நம்ப முடியாமல் இருந்தது. யாராவது மறுபடி போன் செய்து ஃபைல் மாறிவிட்டது என்பார்கள் என்று ஒரு வாரம் காத்திருந்தேன்.

களத்தில் போய் அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப டாக்டரம்மா எப்பங்க போறீங்க?"

"இன்னும் பத்து நாள்ல போயிருவேனுங்க."

"நல்லதுங்க. திங்கக்கெழமைலருந்து களத்துல மொளகு போடறோமுங்க. நாக்காலிய மட்டும் அக்கட்டால எடுத்துப் போட்டுக்குங்க, எடம் அடைக்குது" என்றார்.

நான் கிளம்பிய அன்று அம்மாவுக்கு வேறொரு ஊரில் முகாம். காலை ஏழு மணிக்கே மருந்துப் பெட்டியோடு ஜீப்பில் போய்விட்டார். நான் அட்டைப்பெட்டியை இந்த முறை எடுத்துக்கொள்ளவில்லை.

புது ஆய்வகத்தில் முதல் மூன்று மாதம் புரதம் செல்லிலிருந்து பிரிந்து வரவே இல்லை. நான்காம் மாதம் வந்தது, திரண்டது. ஆறாம் மாதம், மூன்று வகைச் சோப்புகளை மாற்றிப் பார்த்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் குழாயில் கண்ணாடி மாதிரித் தெளிவாக நின்றது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன், தெளிவு. சாயங்காலமும் தெளிவு. இனி ஒன்றரை வருடத்தில் இதை வைத்து ஏதாவது செய்யலாம் என்று எனக்கு முதன்முறையாகத் தோன்றியது.

அடுத்த திங்கட்கிழமை அந்தக் குளிர்நாட்டுப் பேராசிரியரிடமிருந்து மின்னஞ்சல். புதிதாக ஓர் இடம் வந்திருக்கிறது, மூன்று வருடத்துக்கு, நான் ஆறு வருடம் காவல் காத்த அதே வகைப் புரதம், விண்ணப்பமோ கடிதமோ தேவையில்லை, இரண்டு மாதத்துக்குள் வர முடியுமா என்று கேட்டிருந்தார்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் களத்தில்தான் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"இதப் போன வருசமே சொல்றதுக்கு அவியளுக்கு என்ன கேடு?" என்றார்.

"அதத்தான் நானும் கேக்கறேன்."

"நீ என்ன பண்ணப் போற?"

இந்தப் புரதம் இப்போதுதான் நிற்கிறது, பாதியில் போட்டுவிட்டுப் போனால் மறுபடி யாராவது முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றேன். போகவில்லை என்று சொல்லும்போதே போக வேண்டும் போலவும் இருந்தது. அம்மா, "சரி, யோசிச்சு எழுது கண்ணு. எனக்கு ஆப்பு சுத்திக்கிட்டே இருக்குது, வெச்சர்றேன்" என்று வைத்துவிட்டார்.

பதில் எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது. இப்போது வர இயலாது, ஒப்பந்தம் முடிந்ததும் எழுதுகிறேன் என்று நான்கு வரி. அதை அனுப்பிவிட்டு, யார்மேல் என்று தெரியாத கோபத்தோடு ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு குளிர் அறைக்குப் போனேன்.